மால்டாவில் கப்பலை விட்டு இறங்கி உள்ளூர் டிரைவரை நம்பலாமா?

கேள்வி (ஜனவரி 9):
ஏப்ரலில் குடும்பத்தோடு மத்திய தரைக்கடல் கப்பல் பயணம். மால்டாவில் ஒரே ஒரு பகல், காலை 8 முதல் மாலை 5 வரை. கப்பல்காரர்களே நடத்தும் பஸ் சுற்றுலாவுக்கு ஆள்கணக்கில் காசு கேட்கிறார்கள், ஐந்து பேருக்குக் கட்டாது. துறைமுக வாசலில் நிற்கிற டாக்சியை அப்போதைக்குப் பேசிக்கொண்டு போனால் போதும் என்கிறான் தம்பி. முன்பதிவெல்லாம் எதுவும் இல்லை. வயதானவர்கள் உடன் வருகிறார்கள். யாராவது அப்படிப் போயிருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு 10.40

போயிருக்கிறேன். வேண்டாம்.

போன அக்டோபரில் நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, பத்தாவது படிக்கும் பையன், எழுபத்தொரு வயது அம்மா. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவிலிருந்து கிளம்பி ஒரு பகல் முழுக்கக் கடல், மறுநாள் காலை மால்டாவின் தலைநகர் வலேட்டா. எட்டு மணிக்குக் கரை சேரவேண்டிய கப்பல் ஒன்பதுக்குத்தான் கட்டியது. ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் போச்சு.

எங்கள் திட்டம் வேறு. கப்பல் துறையிலிருந்து கொஞ்சம் நடந்தால் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு லிஃப்ட் இருக்கிறது, 58 மீட்டர் உயரம். அதில் ஏறினால் மேல் பராக்கா தோட்டம். அங்கிருந்து வலேட்டா தெருக்களில் நடந்து, புனித யோவான் பேராலயத்தில் காரவாஜ்ஜோவின் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தோம். லிஃப்டுக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் அம்மா தன் முழங்காலைப் பார்த்தார். மணியோ பத்து. என்ன செய்வது என்று நடைபாதையில் நிற்கும்போது, வெள்ளை வண்டியில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் ‘ஐயா, ஐயா’ என்று கூப்பிட்டார். அம்மா பட்டென்று திரும்பிவிட்டார். (அது நம் ஐயா இல்லை. பிறகு சொல்கிறேன்.)

வண்டிக்கு மொத்தம் 160 யூரோ. நான்கு மணிக்குத் துறையில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். கப்பலில் கடைசியாக ஏற வேண்டிய நேரம் நாலரை, ஐந்துக்குப் புறப்பாடு. நாலு விரலைக் காட்டி இரண்டு தரம் சொன்னேன். ‘மெலா, ஃபோர்’ என்றார்.

மொஸ்தா கோவில், ஒரு கண்ணாடிக் கடை, இம்தினா, ரபாத், டிங்லி பாறைகள், ஹஜார் ஈம், கடைசியாக மார்சஷ்லொக் என்ற மீன்பிடி ஊர். கண்ணாடிக் கடையில் 25 நிமிடம் நிறுத்தினார். கமிஷன், வேறென்ன. மார்சஷ்லொக்கில் கடலைப் பார்த்து மேசை போட்ட ஒரு கடையில் உட்காரவைத்தார். மீன் தட்டு வந்து வைக்கும்போது கைபேசியைப் பார்க்கிறேன், மணி 4.05.

‘டைம்! ஷிப்!’ என்றேன். கையை ஆட்டி, சாப்பிடுங்கள் என்கிறார். அப்புறம் இன்னொரு ஊருக்குப் போகலாம் என்கிறார்! பாதி மீனை அப்படியே விட்டு, காசை வைத்துவிட்டு, அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன். துறைக்கு வந்தபோது 4.35. அம்மாவை ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பையன் தாங்கிக்கொண்டு ஓடினோம். நல்ல வேளை, கப்பல் காத்திருந்தது. டிரைவரிடம் 160-க்குப் பதில் 140 கொடுத்தேன். ஒரு வார்த்தை வாதாடவில்லை. தப்பு அவர்மேல் என்பது அதிலேயே தெரியவில்லையா?

ஜனவரி 10, காலை

‘அப்படியும் டாக்சிதான் என்றால் என்ன பேசிக்கொள்ள வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கா வண்டிக்கா என்பதை முதலில் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். காசு கடைசியில். நுழைவுச்சீட்டெல்லாம் நம் செலவு, அதைச் சேர்க்காமல்தான் அவர்கள் சொல்வார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா. எங்கள் கப்பலில் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நகலும் கப்பல் அட்டையும் போதுமாக இருந்தது.

நாமே கார் எடுத்து ஓட்டலாமே என்று இன்னொருவர். ஓட்டலாம். 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி, அதனால் சாலையில் இடப்பக்கம்தான், நமக்குப் பழக்கம். ஆனால் ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்களுக்கு நாலு லட்சத்துக்கு மேல் வண்டிகள் உள்ள நாடு அது. வரைபடத்தில் இருபது நிமிடம் என்று காட்டும் தூரத்தை நம்பாதீர்கள்.

ஜனவரி 10, பிற்பகல்

மொஸ்தாவில் என்ன இருக்கிறது என்று கேட்டதால் இது. தேவையில்லாதவர்கள் தாண்டிவிடுங்கள்.

பெரிய வட்டமான கோவில், மேலே ஒரே குவிமாடம், உள்விட்டம் சுமார் 37 மீட்டர். 1833-இல் கட்டத் தொடங்கினார்கள். பழைய கோவிலை இடிக்காமல் அதைச் சுற்றியே புதிய சுவரை எழுப்பி, வேலை முடியும்வரை உள்ளே பூசை நடந்துகொண்டே இருந்ததாம். அம்மாவுக்கு இதுதான் பிடித்தது. ‘வீட்டைச் சுற்றி வீடு கட்டின மாதிரி’ என்றார்.

1942 ஏப்ரல் 9, மாலை. ஜெர்மானிய விமானம் போட்ட ஒரு குண்டு குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. பூசைக்காக ஏறக்குறைய 300 பேர் கூடியிருந்தார்கள். குண்டு வெடிக்கவில்லை. துளையைப் பிறகு அடைத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் எந்த இடம் என்று டிரைவர் விரலை நீட்டிக் காட்டினார். அந்தக் குண்டைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள். பையன் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டான்.

டிரைவரின் அம்மா அன்றைக்குக் கோவிலுக்குள் இருந்தாராம். மூன்றாவது வரிசையில்.

ஜனவரி 12

திருத்தம். அறையில் இருப்பது அதே குண்டு இல்லை, அதே மாதிரியான இன்னொன்று. விழுந்ததைச் செயலிழக்கச் செய்து கடலில் போட்டுவிட்டார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. பையனிடம் சொன்னேன், படத்தை அழிக்க மாட்டானாம்.

அதே ஆள் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவருடைய டிரைவரின் பாட்டியும் அந்தக் கோவிலுக்குள்தான் இருந்தாராம். இன்னொருவரின் ஓட்டல் வரவேற்பாளருடைய பெரியம்மாவும். கூட்டிப் பார்த்தால் 300 பேர் போதாது போலிருக்கிறது. மூன்றாவது வரிசை மட்டும் எவ்வளவு நீளம் என்று அடுத்து போகிறவர் அளந்து வாருங்கள்.

‘ஐயா’ கதை. மால்டா மொழியில் ‘எய்யா’ என்றால் ‘வா, போகலாம்’. நாள் முழுக்க அவர் எய்யா என்று சொல்ல, நாள் முழுக்க அம்மா ‘என்னப்பா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அது இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. இன்னொரு சொல் ‘மெலா’. அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஒரு பொருளும் கிடைக்காது. சரி, அப்புறம், ஆமாம், அப்படியானால், போகட்டும், எல்லாவற்றுக்கும் மெலா. எங்கள் வீட்டில் அவர் பெயரே மெலா தாத்தா.

நான் எட்டு வருடம் மஸ்கட்டில் இருந்தவன். வண்டியில் போகும்போது தாத்தா வீட்டுக்குப் பேசினார். ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது, புரியவும் இல்லை. திடீரென்று ‘ஹோப்ஸ்’ என்றார். ரொட்டி வாங்கிவரச் சொல்கிறார்கள்! நம் வளைகுடா ஆட்கள் சொல்லும் குப்பூஸ்தான் அது. அப்புறம் எண்ணச் சொல்லிக் கேட்டேன்: வாஹெத், த்னெய்ன், த்லீதா, எர்பா, ஹம்ஸா. அப்படியே அரபு. சிசிலியில் பேசப்பட்ட பழைய அரபிலிருந்து வந்த மொழி, இத்தாலியச் சொற்கள் ஏராளம், எழுதுவது ரோமன் எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான். அசல் கத்தோலிக்கர்கள், கடவுளுக்குச் சொல்லும் சொல் ‘அல்லா’. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் ‘ரண்டான்’, அதாவது ரமலான். ஆனால் நன்றிக்கு ஷுக்ரன் என்றேன், சிரித்துவிட்டு ‘கிராட்சி’ என்று திருத்தினார்.

ஜனவரி 13

சைவச் சாப்பாடு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அம்மா சுத்த சைவம். ரபாத்தில் தாத்தா எங்களை ஒரு சந்துக்கடைக்கு அழைத்துப் போனார். மேசை கிடையாது, ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் அடுப்பு. ‘பஸ்தித்ஸி’ என்று ஒரு பலகாரம். வைர வடிவில் இருந்தால் உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, மடித்த சோமாசி வடிவில் இருந்தால் பட்டாணி. ஒன்று 60 சென்ட். அம்மா பட்டாணியில் இரண்டு சாப்பிட்டார். மேல்தோல் அப்படியே பொரிந்து சேலை முழுக்க உதிர்ந்தது. ‘நம்ம வெஜ் பப்ஸ்தான், ஆனா இது நல்லா இருக்கு’ என்றார். தாத்தா அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டாவதும் முடிகிறவரை நின்றார்.

ஆக, சைவர்கள் பயப்படவேண்டாம்.

ஜனவரி 13, இரவு

மேலே எழுதிய கடைசி வரியை நிறுத்தி வையுங்கள். அந்த மாவில் பாரம்பரியமாகப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், இப்போது பல கடைகளில் மார்ஜரின், அதாவது தாவர எண்ணெய்க் கொழுப்பு, என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாங்கள் சாப்பிட்டது எந்த வகைக் கடை என்று தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

ஜனவரி 15

‘கப்பல் காத்திருந்தது என்பதை நம்பமுடியவில்லை’ என்று ஒருவர். தானாக ஊர்சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது, கப்பல்காரர்களின் பஸ்ஸில் போயிருந்தால்தான் நிற்கும், நாலரைக்கு மேல் ஏணியை எடுத்துவிடுவார்கள், நீங்கள் மணியைத் தவறாகப் பார்த்திருப்பீர்கள் என்கிறார்.

ஐயா, நான் தவறாகப் பார்க்கவில்லை. மனைவியின் கைக்கடிகாரமும் அதேதான் காட்டியது. ஏணியடியில் இருந்த பாதுகாப்பு ஆட்கள் ஒரு பதற்றமும் இல்லாமல் எங்கள் பையைச் சோதித்தது எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் பலர் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே வந்தார்கள். அவர்களும் தாமதமானவர்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒன்று உறுதி. அறைக்குப் போய், அம்மாவுக்குத் தைலம் தேய்த்து, மேல்தளத்துக்கு வந்து நிற்கும்போது பராக்காவுக்குக் கீழே இருக்கிற பீரங்கி வரிசையிலிருந்து ஒரு குண்டு முழங்கியது. புகை சுவரைத் தாண்டி வந்தது. மணியைப் பார்த்தேன், சரியாக ஐந்து. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜனவரி 16

அந்தப் பீரங்கி நண்பகல் 12-க்கும் மாலை 4-க்கும் மட்டும்தான் சுடும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். கொஞ்சம் பொறுங்கள்.

ஜனவரி 17, இரவு 11.55

பையனின் கைபேசியை வாங்கி அன்றைய படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டையும் படம் எடுக்கிற பழக்கம் அவனுக்கு.

லிஃப்ட் வரிசை: 9.02.
பட்டாணி பஸ்தித்ஸி: 11.48.
மீன் தட்டு: 3.03.

நான்கு ஐந்து இல்லை. மூன்று மூன்று.

கிரீட்டுக்கும் மால்டாவுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். மால்டா பின்னால். நடுவில் கடலில் இருந்த இரவு கப்பலில் மணியைத் திருப்பியிருக்கிறார்கள். கப்பல் அலைவரிசையில் தெரியாமல் இணைந்து ஒருதரம் பில் எகிறியதிலிருந்து என் கைபேசி எப்போதும் விமான நிலையில்தான் இருக்கும், அதனால் அது கிரேக்க நேரத்திலேயே நின்றுவிட்டது. மனைவியின் கடிகாரம் முள் வைத்தது. பையனின் கைபேசி மட்டும் துறையில் இறங்கியதும் தானே மாறிக்கொண்டது. அவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ‘நீங்க கேக்கலையே’ என்கிறான். காதில் அந்தக் குமிழை மாட்டிக்கொண்டிருந்தவனை எப்படிக் கேட்பது?

ஆகவே கப்பல் தாமதமாக வரவில்லை. சரியாக எட்டுக்குக் கட்டியிருக்கிறது. கப்பல் எங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை. நாங்கள் எழுபத்தொரு வயது அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது மாலை 3.35-க்கு. தாத்தா பேசிய நேரத்துக்கு 25 நிமிடம் முன்னதாகவே கொண்டுவந்து விட்டிருக்கிறார், நான் கத்திய கத்தலில்.

இருபது யூரோ பிடித்துக்கொண்டு அனுப்பினேன்.

ஜனவரி 18

அன்று இரவே எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கிறீர்கள். கப்பல் கிளம்பும்போது என் கணக்கில் மணி ஆறு. யாரோ தாமதப்படுத்திவிட்டார்கள் என்று அவர்களைத் திட்டினேன். சாப்பாட்டு அறைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றோம். வாசலில் நின்ற பெண், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னார். மால்டாவை விட்டதும் மாற்றிவிட்டார்கள் போல என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். தப்பை நமக்குச் சாதகமாக நாமே ஒட்டிக்கொள்கிற திறமை நம்மிடம் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

மனைவி பழைய பையிலிருந்து கப்பலில் அறைக்கு அறை போடும் அன்றாட நிகழ்ச்சித்தாளை எடுத்து வந்திருக்கிறார். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில்: இன்றிரவு உறங்கும் முன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கவும். அன்று எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். ‘நீங்க படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்’ என்கிறார். அவர் படித்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

இதில் இன்னும் கேவலமான பகுதி ஒன்று. தீவில் எத்தனை கோவில் கடிகாரங்களைப் பார்த்தோம், அவற்றிலாவது தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தது. மால்டாவில் பல கோவில்களின் முகப்பில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது தப்பாகக் காட்டும், பூசை எப்போது என்று சைத்தானுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. இதைத் தாத்தாதான் வழியில் ரசித்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இம்தினா பேராலயத்துக்கு முன்னால் போய் நிற்கிறோம். இரண்டு கோபுரம், இரண்டு வட்டம். ஒன்று என் மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால். மற்றது எதற்கும் சம்பந்தமில்லாமல் என்னவோ காட்டியது. ‘பார், சைத்தானுக்கு இங்கே இரண்டும் தப்பு’ என்று பையனிடம் சொல்லிச் சிரித்தேன்.

சைத்தான் யார் என்று இப்போது தெரிகிறது.

ஜனவரி 18, மாலை

இம்தினாவில் இரண்டாவது வட்டம் சைத்தானுக்கு இல்லை, அது தேதியும் மாதமும் காட்டுகிற நாட்காட்டி என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ஆக, அந்த முகப்பில் இருந்த இரண்டுமே சரி.

ஜனவரி 21

முதல் குறிப்பை அழித்துவிடுங்கள் என்று சிலர். அழிக்கப்போவதில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் அதில் இன்னொரு பொய்யும் இருப்பது நேற்றுத் தெரிந்தது.

கண்ணாடிக் கடை. தகாலி என்ற இடம், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானத்தளமாக இருந்தது, பிறகு கைவினைக்காரர்களின் பட்டறைகள் வந்தன. கமிஷனுக்காகத்தான் நிறுத்தினார் என்று எழுதினேன் அல்லவா? மனைவி படித்துவிட்டுச் சொல்கிறார்: மொஸ்தாவிலிருந்து கிளம்பியதும் அம்மா அவரிடம் மெதுவாக, பாத்ரூம் போகவேண்டும் என்றாராம். மனைவி சைகையில் டிரைவரிடம் சொல்ல, அவர் படியில்லாத, சுத்தமான கழிவறை இருக்கிற இடமாகப் பார்த்து அங்கே விட்டிருக்கிறார். முன்சீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைக் குடைந்துகொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியாது. கமிஷனும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம், மனைவி 18 யூரோவுக்குக் கண்ணாடி மீன் ஒன்று வாங்கினார். கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும்.

அன்று பார்த்ததை இப்போது மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். நான் எல்லாவற்றையும் மணிக்கணக்காகத்தான் பார்த்திருக்கிறேன். டிங்லி பாறைகள் கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரம், தடுப்பே இல்லாத விளிம்பில் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம், தூரத்தில் ஃபில்ஃப்லா என்ற குட்டித்தீவு. பிரிட்டிஷ் கடற்படை 1971 வரை அதைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகியதில் பாறை பாறையாக உதிர்ந்து சிறுத்துவிட்டதாம். இப்போது பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் விட்டுவிட்டார்கள். தாத்தா அதைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார், நான் ‘எய்யா, எய்யா’ என்றேன். அவர் சொல்லையே எடுத்து அவரை அவசரப்படுத்தினேன்.

ஹஜார் ஈம் பற்றிச் சுருக்கமாக: எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்தைய கற்கோவில், 5000 வருடத்துக்கு மேல். மழையும் உப்புக்காற்றும் அரிக்காமல் இருக்க 2009-இல் மேலே பெரிய கூடாரம் போட்டுவிட்டார்கள். அதனால் நிழலில் நின்று பார்க்கலாம், வயதானவர்களுக்கு நல்லது. படகில் போய்ப் பார்க்கும் நீலக்குகை பக்கத்தில்தான். அன்று காற்று அதிகம், படகு விடவில்லை.

மார்சஷ்லொக்கில் படகுகளின் மூக்கில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருப்பார்கள், அந்தப் படகுக்கு லுட்ஸு என்று பெயர். மஞ்சள், நீலம், சிவப்பு. எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். தாத்தா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியது வேறு: ஒரு படகின் பின்பக்கம் கட்டி வைத்திருந்த பனையோலைக் கற்றை. பக்கத்தில் துளைபோட்ட சுண்ணாம்புக்கல், ஒரு மிதவை. லம்பூக்கி என்ற மீன், டொராடோ என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆகஸ்டிலிருந்து வருடக்கடைசி வரை அந்தப் பக்கமாகப் போகும். நடுக்கடலில் நிழல் கண்டால் அதற்கடியில் கூடும் சுபாவம் அதற்கு. எனவே ஓலையை மிதவையில் கட்டி, கல்லை நங்கூரமாக இறக்கி, கடலில் வரிசையாக நிழல் போட்டு வைக்கிறார்கள். அப்புறம் போய் வலையை வளைத்தால் சரி. கடைக்காரர் ஒரு மீனை எடுத்துக் காட்டினார். உயிரோடு இருக்கும்போது தங்கமும் பச்சையுமாக மின்னும், மேலே வந்த கொஞ்ச நேரத்தில் சாம்பலாகிவிடும் என்றார். காட்டிய மீனில் செதிலோரம் மட்டும் ஒரு கீற்று மஞ்சள் மிச்சம் இருந்தது.

அந்த மீனைத்தான் பாதியில் விட்டு ஓடினேன். கேப்பரும் தக்காளியும் போட்ட குழம்பு. மனைவி ஒரே ஒரு துண்டு சாப்பிட்டார், இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அவர் ‘இன்னொரு ஊருக்குப் போகலாம்’ என்று சொன்னதாகக் கோபப்பட்டேனே, அது பிர்கு. துறைமுகத்துக்கு எதிர்க்கரை. மால்டா வீரத்துறவிகள் 1530-இல் வந்து முதலில் குடியேறிய ஊர். அங்கிருந்து வலேட்டாவின் சுவரும் எங்கள் கப்பலும் நேர் எதிரே தெரிந்திருக்கும். கப்பல் நிற்பதைக் கண்ணால் காட்டி என்னை அமைதிப்படுத்தத்தான் கூப்பிட்டிருப்பாரோ என்னவோ.

ஜனவரி 22

விட்டுப்போன ஒன்று. வண்டியின் முன்பலகையில் ஒரு மஞ்சள் பஸ்ஸின் சின்னப் படம் ஒட்டியிருந்தது. பழைய மால்டா பஸ், மேலே வெள்ளை, நடுவில் ஆரஞ்சுப் பட்டை, முன்கண்ணாடிக்கு மேல் மாதா படம். அந்தக் காலத்தில் பஸ் ஓட்டுகிறவரே பல நேரம் சொந்தக்காரர், அலங்காரமும் அவர் இஷ்டம். 2011 ஜூலையில் அந்தப் பஸ்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரே கம்பெனியிடம் கொடுத்தார்கள். தாத்தா 24 வருடம் அப்படி ஒன்றை ஓட்டியவர். எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதைக் கால் நூற்றாண்டு பிசகாமல் செய்த ஆளிடம்தான் நான் கைபேசியை நீட்டி மணி காட்டியிருக்கிறேன்.

ஜனவரி 26

கண்ணாடி மீனைச் சுற்றியிருந்த தாளுக்குள் தாத்தாவின் அட்டை கிடைத்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வாட்ஸப்பில் எழுதினேன்: அக்டோபர், நாலு பேர், இந்தியா, மீனை விட்டு ஓடியவர்கள், தப்பு எங்கள் கடிகாரத்தில், உங்களுக்கு 20 யூரோ தரவேண்டும், எப்படி அனுப்புவது?

ஒரு பகல் முழுக்கப் பதில் இல்லை. ராத்திரி 40 வினாடிக்குக் குரல்பதிவு. முதல் சொல் எதுவென்று உங்களுக்கே தெரியும். சிரிக்கிறார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், இந்தியாவில் கப்பலெல்லாம் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடும் போலிருக்கிறது என்று சொன்னாராம். காசு வேண்டாம், அடுத்த தடவை வரும்போது பிர்குவுக்கு வந்தால் போதும் என்கிறார்.

கேள்வி கேட்டவருக்கு: போங்கள். எண்ணைப் பொதுவில் போட மாட்டேன், தனிச்செய்தியில் கேளுங்கள், அவரிடமும் கேட்டுவிட்டுத் தருகிறேன். இறங்கும் முன் கப்பலின் மணி, கைபேசியின் மணி, உங்கள் வீட்டுப் பையனின் கைபேசியின் மணி, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 27

பன்றிக்கொழுப்பு விவகாரம் என்ன ஆச்சு என்று ஏழு பேர் கேட்டாயிற்று. கேட்டேன். ரபாத்தில் அந்தக் கடையில் மாவுக்கு எது, மார்ஜரினா, மற்றதா? பதில் உடனே வந்தது, கொஞ்சம் மனம் புண்பட்ட குரலில்: உங்கள் அம்மாவை மார்ஜரின் கடைக்கு நான் கூட்டிப்போவேனா?

நான் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா உள்ளே வந்து, யார் என்றார். மெலா தாத்தா, உங்களை விசாரித்தார் என்றேன். ‘அந்த பப்ஸ் ரொம்ப நல்லா இருந்துதுன்னு சொல்லு’ என்றார்.

சொல்லிவிட்டேன்.